இருவழக்கும் ஒரு குரலும்: பூர்ணம் விஸ்வநாதனின் அரங்க, திரை மொழி

0. முன்னுரை

தமிழ் நடிப்புக் கலையைப் பற்றிய திறனாய்வில் பேச்சுக்குத் தனியிடம் உண்டு. ஆயினும் அவ்விடம் பெரும்பாலும் ஒருவகைப் பேச்சுக்கே வழங்கப்பட்டுள்ளது. 1952-இல் ‘பராசக்தி’ வெளிவந்த காலந்தொட்டு, அடுக்குச் சொற்களும் ஏற்ற இறக்கமும் நிறைந்த நெடிய தொடர்களை மூச்சுத் தவறாமல் சொல்லுதலே வசனத் திறனின் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. இவ்வளவுகோல் கதைத்தலைவர்களுக்குப் பொருந்தும். தந்தை, தாத்தா, தலைமையாசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் ஆகிய பாத்திரங்களை ஏற்று, இரண்டு அல்லது மூன்று காட்சிகளில் வந்து செல்லும் குணசித்திர நடிகருக்கு இது பொருந்தாது. அவருக்குக் கிடைப்பது அன்றாடப் பேச்சு. அதைச் சிறப்பாகச் சொல்லும்போது ‘இயல்பான நடிப்பு’ என்ற இரண்டு சொற்களில் மதிப்பீடு முடிந்துவிடுகிறது.

இக்கட்டுரை பூர்ணம் விஸ்வநாதனின் நீண்ட கலைவாழ்வை மொழியின் நிலைநின்று ஆராய்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையிலும் வானொலியிலும் திரையிலும் ஒலித்த அவருடைய பேச்சு ‘இயல்பானது’ என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று என்பதும், அது கவனத்துடன் தேர்ந்து அமைக்கப்பட்ட ஒரு மொழிநடை என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. அத்தேர்வை உணராதவிடத்து மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நேரக்கூடிய இழப்பும் சுட்டிக்காட்டப்படுகிறது.

1. செய்தி வாசிப்பாளரும் நடிகரும்

திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த பூர்ணம் குடும்பத்து உடன்பிறந்தார் மூவர் மொழியையே தொழிலாகக் கொண்டனர். ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதிய உமாசந்திரன் ஒருவர். இந்நாவலே 1978-இல் மகேந்திரனின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. மாஸ்கோவில் இருந்து ருஷ்ய இலக்கியங்களைத் தமிழில் தந்த பூர்ணம் சோமசுந்தரம் மற்றொருவர். மூன்றாமவர் விஸ்வநாதன். எழுத்து, மொழிபெயர்ப்பு, குரல் என்று மூவரின் துறைகளும் வேறுபடுவதாகத் தோன்றினும், விஸ்வநாதனின் பணி மற்ற இருவர் பணிகளினின்றும் முற்றிலும் விலகியதன்று என்பது பின்னர் விளங்கும்.

1940களில் தில்லி அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் அவர் பணியாற்றினார். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்திய விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. தில்லியிலிருந்து ஒலிபரப்பான மொழிச் செய்திகள் பொதுவான ஆங்கில மூலத்திலிருந்து அந்தந்த மொழிப் பிரிவில் மொழிபெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டவை. மொழிபெயர்ப்பும் வாசிப்பும் அங்கு ஒரே பணியின் இரு கூறுகள். ஆங்கிலத் தொடரின் நீண்ட துணைவாக்கியங்களைத் தமிழின் இடப்பக்கக் கிளைப்புக்கு ஏற்ப மாற்றுவதும், அவ்வாறு மாற்றிய தொடர் கேட்பவருக்கு ஒருமுறையிலேயே விளங்குமாறு நிறுத்தம் அமைப்பதும் இப்பணியாளரின் கடமைகள். அச்சில் படிப்பவர் ஒரு தொடருக்குத் திரும்பிச் செல்லலாம். வானொலி கேட்பவருக்கு அவ்வசதி இல்லை.

இப்பணியின் மொழி உயர்வழக்கு. ழகர, ளகர, லகர வேறுபாடு தெளிவாக ஒலிக்கப்பட வேண்டும். சொல்லிறுதி மெய்கள் கெடாமல் நிற்க வேண்டும். வினைமுற்றுகள் ‘வந்தார்கள்’, ‘தெரிவித்தார்’ என முழுவடிவில் அமைய வேண்டும். இதே மனிதர் மேடையில் ஏற்ற பாத்திரங்களோ சொல்லிறுதி மெய் கெட்டும் மூக்கொலியாகியும் வழங்கும் பேச்சுத்தமிழைப் பேசுபவர்கள். சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்குச் சூழலில், ஒருவரே இரண்டு வழக்குகளையும் சூழலுக்கு ஏற்ப ஆளுவது வியப்பன்று. படித்த தமிழர் அனைவரும் அவ்வாறே செய்கின்றனர். இரண்டையும் பொது மக்களின் முன், தொழிலாக, நாள்தோறும் ஆண்டவர் மிகச் சிலரே. விஸ்வநாதன் அச்சிலருள் ஒருவர்.

ஆலன் பெல் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஒரே செய்தி வாசிப்பாளர்கள் தேசிய நிலையத்திற்கும் உள்ளூர் நிலையத்திற்கும் வாசிக்கும்போது, உயிர்களுக்கிடையே வரும் டகர ஒலியை நிலையத்திற்கேற்ப மாற்றி ஒலித்ததை அவர் காட்டினார். வாசிப்பவரும் தொழிலும் மாறாதிருக்க, மாறியது கேட்பவர் கூட்டம் மட்டுமே. எனவே நடை மாற்றத்திற்குக் காரணம் கேட்பவரே என்பது அவருடைய முடிபு. பெல் கண்டது ஓர் ஒலியின் விழுக்காட்டு மாற்றம். விஸ்வநாதனிடம் காணப்படுவதோ ஒலி, உருபு, சொல், தொடர் ஆகிய எல்லா நிலைகளிலும் நிகழும் முழு மாற்றம். அவ்வளவு பெரிய மாற்றத்தின் ஊடே மாறாமல் நின்றது எது என்பதே வினவத்தக்க வினா.

2. மாறாமல் நின்ற கூறு

எர்விங் காஃப்மன் தம் 1981-ஆம் ஆண்டு நூலில் பேச்சு உருவாகும் முறைகளை மூன்றாகப் பகுத்தார்: நினைவிலிருந்து ஒப்பித்தல், உரக்கப் படித்தல், அப்போதைக்கப்போது புதிதாகப் பேசுதல். செய்தி வாசிப்பாளர் உரக்கப் படிக்கிறார். நடிகர் நினைவிலிருந்து ஒப்பிக்கிறார்; ஆனால் புதிதாகப் பேசுவதுபோல் தோன்றச் செய்கிறார். புதிதாகப் பேசுபவரின் பேச்சில் தயக்கமும், தொடரை இடையில் விட்டு வேறு தொடர் தொடங்குதலும், சொல் விழுங்குதலும் இயல்பு. விஸ்வநாதனின் மேடைப் பேச்சில் இவை மிகக் குறைவு. தொடர் முழுமை பெறுகிறது. கடைசிச் சொல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் சென்றடைகிறது. பொருட்கூறு முடியும் இடத்திலேயே நிறுத்தம் வருகிறது. சொற்களின் வடிவம் பேச்சுவழக்கு. அவற்றைப் பகுத்து நிறுத்தும் ஒழுங்கு வானொலி அறைக்குரியது.

இதனாலேயே அவருடைய பேச்சை ‘இயல்பானது’ என்று கூறுவது பிழையாகிறது. உண்மையான உரையாடலைப் பதிவுசெய்து அவருடைய உரையாடலோடு ஒப்பிடின், பின்னது முன்னதைவிட ஒழுங்குடையதாக இருக்கும். கேட்பவர் அதனை இயல்பு என்று கொள்வதற்குக் காரணம், வழக்கின் அடையாளங்களாக அமையும் சில வடிவங்கள் தவறாமல் இடம்பெறுவதே. அவ்வடிவங்கள் எவை என்பதைக் காண்பது பயன்தரும்.

3. வழக்கின் அடையாளங்கள்

மேடையிலும் திரையிலும் விஸ்வநாதனோடு பெரிதும் இணைத்து எண்ணப்படுவது பிராமணர் பேச்சுவழக்கு. இவ்வழக்கு மொழியியலாருக்குப் புதியதன்று. வில்லியம் பிரைட், ஏ. கே. ராமானுஜன் ஆகியோர் 1964-இல் சாதிக் கிளைமொழிகளில் காணும் மாற்றங்களை ஒப்பிட்டு, சொற்கடன் போன்ற அறிந்து செய்யும் மாற்றங்களுக்கும் அறியாமல் நிகழும் மாற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விவாதித்தனர். அரங்க மொழியை நோக்குமிடத்து இவ்வேறுபாடு வேறொரு பயனைத் தருகிறது. நடிகர் எடுத்தாள்வது கேட்பவர் அறிந்து இனங்காணும் கூறுகளையே. அறியாமல் வழங்கும் நுண்கூறுகள் மேடைக்குப் பயன்படுவதில்லை.

கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்த நாடகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

(அ) எழுத்து வழக்கு: வருகிறீர்களா. பொதுப் பேச்சு: வர்றீங்களா. பிராமணர் பேச்சு: வரேளா.

(ஆ) எழுத்து வழக்கு: செய்துகொண்டிருக்கிறேன். பொதுப் பேச்சு: செஞ்சுக்கிட்டிருக்கேன். பிராமணர் பேச்சு: பண்ணிண்டிருக்கேன்.

(இ) எழுத்து வழக்கு: அவர்கள் வந்தார்கள். பொதுப் பேச்சு: அவங்க வந்தாங்க. பிராமணர் பேச்சு: அவா வந்தா.

மூன்றாவது எடுத்துக்காட்டு சிறப்பாகக் கருதத்தக்கது. ‘வந்தா’ என்னும் வடிவம் இவ்வழக்கில் பலர்பால் வினைமுற்றாகவும், ‘வந்தாள்’ என்பதன் பேச்சு வடிவாகவும், ‘வந்தால்’ என்னும் நிபந்தனை எச்சத்தின் பேச்சு வடிவாகவும் அமையும். எழுவாய் வெளிப்படையாக நிற்குமிடத்து ‘அவா’, ‘அவ’ என்னும் நெடில் குறில் வேறுபாடு பொருளைக் காட்டும். எழுவாய் தொக்கு நிற்குமிடத்து இசைப்பும் நிறுத்தமுமே பொருளை உணர்த்த வேண்டும். முற்றாயின் குரல் இறங்கும். எச்சமாயின் இறங்காமல் அடுத்த தொடரை எதிர்நோக்கி நிற்கும். அன்றாட உரையாடலில் சூழல் உதவுவதால் இதனைப் பேசுபவர் பொருட்படுத்துவதில்லை. ஐந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் இவ்வுதவி குறைவு. இத்தகைய இடங்களில் குழப்பம் நேராமல் காப்பதே பேச்சுவழக்கு நடிகரின் திறன். செய்தி அறிக்கையின் நீண்ட தொடரில் எச்சம் எங்கே முடிந்து முற்று எங்கே வருகிறது என்பதைக் குரலால் மட்டும் உணர்த்தப் பழகிய ஒருவருக்கு இது கைவந்ததில் வியப்பில்லை.

4. சுஜாதாவின் நாடகங்கள்

சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ நாடக வடிவில் நடித்துப் பெயர்பெற்ற விஸ்வநாதனின் மேடை வாழ்வில் நிலையான இடம் பெறுபவை சுஜாதாவின் நாடகங்கள். ‘பூர்ணம் நியூ தியேட்டர்’ வழியாக ‘கடவுள் வந்திருந்தார்’, ‘டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு’, ‘ஊஞ்சல்’ முதலிய நாடகங்கள் மேடையேறின. எழுத்தாளரும் நடிகரும் நீண்டகாலம் இணைந்து இயங்கிய இவ்வுறவு, தமிழில் நாடக உரையாடலின் வளர்ச்சியை அறிய விரும்புவோருக்கு அரிய சான்று.

‘கடவுள் வந்திருந்தார்’ நாடகத்தில் பணி ஓய்வுபெற்ற ஸ்ரீனிவாசனிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். அவன் மற்றவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே ஸ்ரீனிவாசன் அவனோடு பேசுவது வீட்டாருக்குச் சித்தப்பிரமையாகத் தோன்றுகிறது. மொழியின் நிலையில் இந்நாடகத்தின் சிக்கல் எளியதன்று. ஒரே பாத்திரம் அடுத்தடுத்த தொடர்களில் இருவேறு கேட்பவரை நோக்கிப் பேசுகிறது. அவ்விருவருள் ஒருவரை மற்றவர் அறியார். அவையோர் இருவரையும் அறிவர். அச்சில் இவ்வேறுபாட்டை அடைப்புக்குறியிட்ட மேடைக் குறிப்புகள் காட்டுகின்றன. மேடையில் அதனைக் காட்ட வேண்டியது நடிகரின் குரலும் திசையுமே. வழக்கு மாறாமல், சொல் மாறாமல், முன்னிலை மட்டும் மாறுவதை உணர்த்த வேண்டும். பெல் கூறும் கேட்பவர் சார்ந்த நடைமாற்றத்தின் மிக நுண்ணிய வடிவம் இதுவாகும்.

இந்நாடகங்களின் அச்சுப் படிகளை மட்டும் கொண்டு சுஜாதாவின் உரையாடல் நடையை ஆராய்வோர் ஒரு குறைபாட்டை உணர்வர். தமிழ் எழுத்துமுறை ‘போறேள்’, ‘பண்ணிண்டு’ என்பன போன்ற உருபு வேறுபாடுகளைக் காட்ட வல்லது. மூக்கொலி உயிரையும், வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாட்டையும், இசைப்பையும் காட்ட வல்லதன்று. எழுத்தாளர் எழுதியது பாதி. மீதியை நடிகர் நிரப்பினார். கேட்பவர் நினைவில் நிற்பது இரண்டும் சேர்ந்த முழுமை.

5. திரையில் நேர்ந்த குறுக்கம்

திரைப்படங்கள் விஸ்வநாதனைத் தமிழகமெங்கும் அறிமுகப்படுத்தின. கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிகப்பு’ (1980) படத்தில் அவர் கர்நாடக இசைக் கலைஞரான தந்தை. தில்லியில் வேலையின்றி அலையும் தமிழ் இளைஞனின் கதை இது. ஒருகாலத்தில் தில்லியிலிருந்து தமிழ் பேசிய குரலே இங்கு தில்லிக்கு மகனைத் தேடி வரும் தந்தையின் குரலாகிறது. முடிதிருத்தும் நிலையத்தில் மகனைக் காணும் தந்தையின் நிலை, சொற்பெருக்கால் விளக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தில் தலைமையாசிரியர். ‘வருஷம் பதினாறு’ (1989) படத்தில் பெருங்குடும்பத்தின் தாத்தா. ‘புதுப்புது அர்த்தங்கள்’ (1989) படத்தில் சௌகார் ஜானகியுடன் முதிய இணையர். ‘ஆசை’ (1995) படத்தில் இரு மகள்களின் தந்தை.

இப்பட்டியலை நோக்குமிடத்து ஒரு குறையும் புலப்படுகிறது. மேடையில் விரிந்த வேறுபாடு திரையில் குறுகியது. மூத்தவர், நல்லவர், சற்று அப்பாவி, தெளிவாகப் பேசுபவர் என்னும் ஒரே அச்சில் பாத்திரங்கள் அமைந்தன. ஒரு வழக்கைத் திருத்தமாகப் பேசுபவர் அவ்வழக்குக்கே உரியவராக்கப்படுவது திரைத்தொழிலின் இயல்பு. அவ்வழக்கும் காலப்போக்கில் நகைப்புக்குரிய அடையாளமாகவோ பழமையின் அடையாளமாகவோ சுருங்கியது. பல படங்களில் பிற நடிகர்கள் இவ்வழக்கைக் கையாளும்போது ‘ஏள்’ ஈறும் ‘ஓ’ ஈறும் அளவிறந்து வருகின்றன. ‘வாங்கோ’, ‘சொல்லுங்கோ’ என்பன மட்டுமே வழக்காகிவிடுகின்றன. விஸ்வநாதனிடம் இம்மிகை இல்லை. ஆயினும் அவருக்குக் கிடைத்த பாத்திரங்களின் ஒருமைப்பாடு, மிகையின்மையாகிய அவருடைய தேர்வைக் காணவிடாமல் மறைத்தது.

இக்குறுக்கத்திற்கு நடிகரின் பங்கும் இல்லாமலில்லை. எல்லாச் சொற்களும் கேட்க வேண்டும் என்னும் வானொலிப் பழக்கம் நெருக்கக் காட்சிகளில் சிலவேளை பொருந்துவதில்லை. திரையின் ஒலிவாங்கி முணுமுணுப்பையும் பதிவுசெய்யும். அவ்வாய்ப்பை அவர் பெரிதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தனக்குள் பேசிக்கொள்ளும் இடங்களிலும் அவையோரை நோக்கிய தெளிவு நீடிக்கிறது. மேடைக்கு வலிமையாக நின்ற கூறே திரையில் எல்லையாகவும் ஆனது என்பதே நேரிய மதிப்பீடாகும்.

இவ்வெல்லையைக் கடந்து நிற்பவை இரண்டு பாத்திரங்கள். வசந்தின் இயக்கத்தில் வந்த ‘கேளடி கண்மணி’ (1990) படத்தில் விஸ்வநாதனும் ஸ்ரீவித்யாவும் பேச்சும் கேள்வியும் இல்லாத பெற்றோர். மகளுக்குத் திருமணம் நடந்தால் தாங்கள் தனித்துவிடுவோம் என்னும் அச்சம் அவர்களைத் தன்னலத்திற்கு இட்டுச்செல்கிறது. குரலாலேயே அறியப்பட்டவருக்குக் குரலற்ற பாத்திரம். ‘நல்ல முதியவர்’ என்னும் அச்சும் இங்கு உடைகிறது. பேச்சு நீங்கியபின் எஞ்சுவது யாது என்பதை இப்படம் காட்டுகிறது: மறுமொழிக்கு முன் நிற்கும் நேரம், எதிரிலிருப்பவரை முழுதும் கவனிக்கும் பார்வை, ஒரு கருத்து முடிந்தபின்னரே அடுத்ததற்குச் செல்லும் ஒழுங்கு. நிறுத்தத்தின் ஒழுங்கு ஒலிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகிறது.

சந்தானபாரதி இயக்கி, ரா. கி. ரங்கராஜன் உரையாடலில் வந்த ‘மகாநதி’ (1994) படத்தின் பஞ்சாபகேசன் மற்றொன்று. சிறையின் மொழி ஏவலும் அதட்டலும் நிறைந்தது. அச்சூழலில் ஒரு முதியவர் தம் வீட்டுப் பேச்சை மாற்றாமல் பேசுகிறார். இங்கு அவ்வழக்கு சாதியை அறிவிக்கும் முத்திரையாகவோ நகைச்சுவையாகவோ பயன்படவில்லை. எல்லாம் பறிக்கப்பட்ட இடத்தில் பறிக்கப்படாமல் எஞ்சிய உடைமையாக நிற்கிறது. சுற்றியுள்ள பேச்சு மாறியதால் அதே வழக்கின் பொருள் மாறியது. ஒரு வழக்கின் சமூகப் பொருள் அதன் வடிவங்களில் மட்டும் இல்லை, அதனை அடுத்து ஒலிக்கும் வழக்குகளோடு அது கொள்ளும் உறவில் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழ்த் திரையில் அரிது.

6. மொழிபெயர்ப்பாளருக்கு உரியவை

மேற்கண்ட ஆய்வு மொழிபெயர்ப்புக்கும் துணைத்தலைப்பு எழுதுவோருக்கும் சில முடிபுகளைத் தருகிறது. முதலாவதாக, ‘வருகிறீர்களா’, ‘வர்றீங்களா’, ‘வரேளா’ மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே தொடராகிவிடுகின்றன. இந்தியிலோ கன்னடத்திலோ மரியாதைப் பன்மையைக் காக்கலாம்; சமூக அடையாளத்தைக் காக்க முடியாது. இலக்கு மொழியில் ஏதேனும் ஒரு சாதி வழக்கைத் தேடி ஈடுசெய்தல் பெரும்பாலும் தவறான பொருளைத் தரும். ஏனெனில் அவ்வழக்குக்கு அம்மொழியில் வேறு வரலாறு உண்டு.

இரண்டாவதாக, அடையாள வடிவங்களை ஒவ்வொன்றாக ஈடுசெய்யவேண்டிய தேவையில்லை. விஸ்வநாதனின் நடை காட்டுவது இதுவே: வழக்கின் அடையாளங்கள் சிலவே, மீதியுள்ளது தொடரின் முழுமையும் சொல்லின் தெளிவுமாகும். பின்னவற்றை எம்மொழியிலும் கொண்டுவரலாம். முழுமையான தொடர்களில், கொச்சையின்றி, பழமை சற்றே தோன்றப் பேசும் ஒரு முதியவரை மொழிபெயர்ப்பாளர் உருவாக்கலாம். ‘மகாநதி’யில் இது குறிப்பாகப் பயன்படும். பஞ்சாபகேசனின் பேச்சைத் தனியே மொழிபெயர்ப்பதினும், சிறையின் பேச்சைக் குறுகிய ஏவல் தொடர்களாக அமைத்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தானே புலப்படும்.

மூன்றாவதாக, நாடகப் பேச்சையும் திரைப் பேச்சையும் கிளைமொழித் தரவாகக் கொள்வோர் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். அவை வழக்கின் முழு வடிவத்தைத் தருவதில்லை. வழக்கைப் பற்றிக் கேட்பவர் கொண்டுள்ள கருத்தைத் தருகின்றன. அதுவும் ஆய்வுக்குரிய தரவே. ஆனால் வேறுவகைத் தரவு.

7. முடிவுரை

2008 அக்டோபர் 1 அன்று பூர்ணம் விஸ்வநாதன் மறைந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சுஜாதா மறைந்திருந்தார். எழுத்தும் குரலுமாக இணைந்து இயங்கிய ஒரு நாடக முயற்சி ஒரே ஆண்டில் இருவரையும் இழந்தது. சுஜாதாவின் நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. விஸ்வநாதனின் படங்கள் மீண்டும் மீண்டும் காணக் கிடைக்கின்றன. மேடையில் நாடகம் நிகழ்ந்த மாலைகள் அவ்வாறு கிடைப்பன அல்ல. திரை காட்டுவது அவருடைய மொழித்திறனின் ஒரு பகுதியை மட்டுமே என்பதால், அப்பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடுவது முறையாகாது.

இரட்டை வழக்குப் பற்றிய தமிழ் ஆய்வுகள் உயர்வழக்கையும் பேச்சுவழக்கையும் இரண்டு வேறு வட்டங்களாக வரைந்து, ஒன்று கற்றுப் பெறுவது, மற்றொன்று தானே வருவது என்று கூறுவது மரபு. விஸ்வநாதனின் கலைவாழ்வு இப்பாகுபாட்டைத் திருத்துகிறது. பேச்சுவழக்கும் பயின்று, தேர்ந்து, ஒழுங்குபடுத்திப் பொதுமன்றத்தில் நிறுத்தத்தக்க வழக்கே. அதற்குரிய பயிற்சி உயர்வழக்கிலிருந்தே அவருக்குக் கிடைத்தது. ‘இயல்பாக நடித்தார்’ என்னும் பாராட்டு அப்பயிற்சியை இல்லையாக்கிவிடுகிறது. குணசித்திர நடிகர் பலரின் மொழித்திறன் இப்பாராட்டின் கீழேயே ஆராயப்படாமல் கிடக்கிறது. அவர்களுடைய பேச்சைக் கேட்டு, எழுதி, பகுத்துக் காண்பது மொழியியலாரின் பணி. அவ்வாறு பகுத்துக் காட்டிய பின்னரே மொழிபெயர்ப்பாளருக்கு எதைக் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.